வாளும் விவிலியமும்: ஆலிவர் கிராம்வெல்



இலண்டன் நாடாளுமன்றத்தின் வெளியே ஒரு வெண்கலச் சிலை நிற்கிறது. ஒரு கையில் வாள், மறு கையில் திருவிவிலியம். 1895இல் அரசுப் பணத்தில் அதை நிறுவ முயன்றபோது அயர்லாந்து உறுப்பினர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். கடைசியில் தனியார் பணத்தில்தான் 1899இல் அது எழுந்தது. மாண்டு இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் ஒருவர் பெயர் இவ்வளவு கசந்தது ஏன்?

ஆலிவர் கிராம்வெல் 1599இல் ஹண்டிங்டனில் பிறந்தார். நாற்பது வயதைக் கடக்கும்வரை ஊரறியாத நிலக்கிழார். மன்னர் முதலாம் சார்லஸ் பதினோரு ஆண்டுகள் நாடாளுமன்றத்தையே கூட்டாமல் ஆண்டதை எதிர்த்தவர்களில் ஒருவர். 1642இல் உள்நாட்டுப் போர் மூண்டதும் குதிரைப்படை திரட்டினார். வென்றார். 1649 ஜனவரி 30 அன்று மன்னரின் தலை வெட்டப்பட்டது. அந்த மரண ஆணையில் இவர் கையொப்பமும் உண்டு.

நேர்மையாகச் சொன்னால், அவரிடம் நல்லதும் இருந்தது. 1657இல் முடி தேடி வந்தபோது மறுத்தார். 1290இல் இங்கிலாந்திலிருந்து துரத்தப்பட்ட யூதர்கள் மீண்டும் வந்து வழிபட அவர் காலத்தில்தான் வழி பிறந்தது. செபிக்கிறவர்தான், டன்பார் போர்க்களத்தில் படையை நிறுத்தி, திருப்பாடல் 117 பாடவைத்தார். நம்மை உறுத்துவதும் அதுவே.

1649 செப்டம்பரில் அவர் அயர்லாந்தின் டிரோகெடா நகரைப் பிடித்தார். ஏறத்தாழ 3,000 பேர் மாண்டனர். பெரும்பாலோர் படைவீரர்கள், பொதுமக்களும் உண்டு. புனித பேதுரு ஆலயக் கோபுரத்தில் ஒளிந்தவர்கள் தீயில் வெந்தார்கள். துறவிகளும் தப்பவில்லை. இதையெல்லாம் கிராம்வெல்லே கடிதத்தில் எழுதினார், கடவுளின் நீதித் தீர்ப்பு என்றும் சேர்த்து. 1641 கலகத்தில் அயர்லாந்தில் குடியேறிய புராட்டஸ்டாண்டு மக்கள் கொல்லப்பட்டதற்கு அது பழிவாங்கலாம். அந்தக் கொலைகளும் உண்மையே. அவற்றை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் டிரோகெடாவில் நின்றவர்கள் பலருக்கு அவற்றோடு தொடர்பே இல்லை. இரவு உணவின்போது ஆண்டவர் சீடருக்குத் தந்த எச்சரிக்கை (யோவான் 16:2) நம் நினைவுக்கு வருகிறது.

அடுத்த மாதமே நியூ ராஸ் நகரத் தலைவர் சரணடையும்போது மனச்சான்றின் உரிமை கேட்டார். எவருடைய மனச்சான்றிலும் தாம் தலையிடுவதில்லை என்று கிராம்வெல் பதில் எழுதினார். ஆனால் திருப்பலி நிறைவேற்றும் உரிமையைத்தான் கேட்கிறீர்கள் என்றால், அது கிடையாது என்றார். மனச்சான்று இருக்கலாம், பீடம் கூடாது! பிறகு நிலங்களும் பறிபோயின. 1641இல் அயர்லாந்து நிலத்தில் பாதிக்கு மேல் வைத்திருந்த கத்தோலிக்கரிடம், அந்நூற்றாண்டின் இறுதிக்குள் ஐந்தில் ஒரு பங்கு அளவே எஞ்சியது.

மறு ஆண்டு ஸ்காட்லாந்துச் சபையாருக்கு அவர் எழுதிய கடிதம் விந்தையானது. நீங்கள் தவறியிருக்கலாம் என்று எண்ணிப் பாருங்கள் எனக் கிறிஸ்துவின் பெயரால் கெஞ்சினார். அதே கேள்வியை டிரோகெடா குறித்துத் தமக்குள் கேட்டதாக அவர் கடிதங்களில் தடயம் இல்லை.

கேட்டவர் வேறொருவர். வெஸ்ட்மின்ஸ்டரில் கொள்ளைநோய் கண்டவர்களைத் தேடிச் சென்று பணியாற்றிய அருள்பணியாளர் ஜான் சவுத்வர்த், குருவாக இருந்த குற்றத்துக்காக 1654 ஜூன் 28 அன்று டைபர்னில் தூக்கிலிடப்பட்டார். கிராம்வெல் அப்போது நாட்டின் காவலர் என்ற பட்டத்தோடு ஆண்டார். தூக்குமரத்தடியில் சவுத்வர்த் தமக்காக மன்றாடவில்லை. மனச்சான்றின் உரிமைக்காகப் போரிட்டோம் என்றீர்களே, கத்தோலிக்கருக்கு மட்டும் அது ஏன் இல்லை என்றுதான் கேட்டார்.

1658 செப்டம்பர் 3 அன்று கிராம்வெல் இறந்தார். முடியாட்சி திரும்பியபின் 1661இல் அவருடைய உடலைத் தோண்டியெடுத்து அதே டைபர்னில் தொங்கவிட்டார்கள். வெட்டிய தலை பல ஆண்டுகள் கம்பத்தில் நின்று, கைமாறி, 1960இல்தான் கேம்பிரிட்ஜில் அவர் படித்த கல்லூரியில் அடக்கமானது. சவுத்வர்த்தின் துண்டிக்கப்பட்ட உடலை ஸ்பெயின் தூதர் வாங்கித் தைக்கவைத்து, இன்று பிரான்சில் உள்ள டூவே நகரின் குருமடத்துக்கு அனுப்பினார். 1927இல் அது மீண்டும் கண்டெடுக்கப்பட்டது. 1970இல் திருத்தந்தை ஆறாம் பவுல் அவரைப் புனிதராக அறிவித்தார். வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில், கிராம்வெல் சிலையிலிருந்து நடந்துபோகும் தூரத்தில், அவர் துயில்கிறார்.