செவ்வாய்த் தரையில் ஒரு சிறு வண்டி

செவ்வாய்க் கோளின்மீது பொதுமக்கள் கொண்ட பேரார்வம் ஒரு மொழிபெயர்ப்பில் தொடங்கிற்று எனலாம். 1877இல் இத்தாலிய வானியலறிஞர் ஸ்கியாபரெல்லி, தொலைநோக்கி வழியே அக்கோளில் மெல்லிய கோடுகளைக் கண்டதாகக் கருதி, அவற்றைக் 'கனாலி' என்று குறித்தார். இயற்கையாக அமைந்த ஓடைக்கும் மனிதர் வெட்டிய வாய்க்காலுக்கும் அம்மொழியில் இவ்வொரு சொல்லே பொருந்தும். தமிழில் எழுதியிருப்பாராயின் ஓடையா வாய்க்காலா என்பதை அவர் தெளிவுபடுத்தியே தீர வேண்டியிருந்திருக்கும். ஆங்கிலத்தில் அச்சொல் வாய்க்காலாகவே போய்ச் சேர்ந்தது. வாய்க்கால் உண்டெனில் வெட்டியவரும் உண்டல்லவா? அமெரிக்கரான பெர்சிவல் லோவல் 1894இல் அரிசோனாவில் ஆய்வகம் நிறுவி, துருவப் பனி உருகிய நீரை வறண்ட நிலங்களுக்குப் பாய்ச்சி வாழும் அறிவார்ந்த உயிரினத்தைப் பற்றி நூல்கள் எழுதினார். அறிவியலாளர் பலர் மறுத்தனர், மக்கள் விடவில்லை.

அக்கனவைக் கலைத்தது 1965 ஜூலையில் செவ்வாயைக் கடந்து சென்ற மாரினர்-4 கலம். அது எடுத்த படங்கள் எண்களாக, மிக மெதுவாக வந்தன. ஒரு படம் வந்துசேரப் பல மணி நேரம் பிடித்தது. கணிப்பொறி அதனைப் படமாக்கித் தரும்வரை பொறுக்க மாட்டாத பொறியாளர்கள், எண்கள் அச்சான தாள் நாடாக்களைப் பலகையில் ஒட்டி, எண்ணுக்கேற்ற நிறத்தை வண்ணக்கட்டியால் தாமே தீட்டிவிட்டனர். வேறொரு கோளை அருகிலிருந்து எடுத்த முதற்படம் இவ்வாறு கையால் தீட்டிய சித்திரமாகவே உலகுக்கு அறிமுகமாயிற்று. அதில் வாய்க்கால் எதுவும் இல்லை. அடுத்து வந்தவற்றில் நிலவில் உள்ளவை போன்ற வட்டப் பள்ளங்களே காணப்பட்டன.

சோவியத்து நாட்டின் மார்ஸ்-3 கலம் 1971 டிசம்பரில் செவ்வாயில் மெல்ல இறங்கியும் சிறிது நேரத்திலேயே ஊமையாயிற்று. 1976 ஜூலை 20இல் இறங்கிய வைக்கிங்-1 நெடுநாள் பேசிற்று. அமெரிக்க விடுதலையின் 200ஆம் ஆண்டு நிறைவான ஜூலை 4இல் அதனை இறக்கவே எண்ணியிருந்தனர். தேர்ந்த இடம் கரடுமுரடாகத் தெரிந்தமையால் நாள் தள்ளிப் போயிற்று. முதல் வண்ணப்படத்தில் வானம் நீலமாகத் தோன்றியது. நிறங்களைச் சரிசெய்த பின் அது இளஞ்சிவப்பு என்று அறிவிக்கப்பட்டபோது, கூடியிருந்த செய்தியாளர்கள் ஏமாற்றக் குரல் எழுப்பினர். எத்துணைத் தொலைவு சென்றாலும் தம் வீட்டு வானத்தையே தேடுவது மனித இயல்பு போலும்! உயிரைத் தேடிய சோதனைகளும் பெரும்பாலோர் ஏற்கத்தக்க சான்று தரவில்லை. அதன்பின் இருபது ஆண்டுகள் எக்கலமும் அங்கு இறங்கவில்லை. 1993இல் பெருஞ்செலவில் சென்ற மார்ஸ் அப்சர்வர், கோளை நெருங்கிய நிலையில் தொடர்பிழந்தது.

இச்சோர்வுக்கிடையே பிறந்ததுதான் மார்ஸ் பாத்ஃபைண்டர். ஏவுகலச் செலவு உட்பட ஏறத்தாழ 26 கோடி டாலரில் முடிந்த சிக்கனத் திட்டம் அது. அது சுமந்து சென்ற ஆறு சக்கர வண்டி பத்தரைக் கிலோ எடையே உடையது. நொடிக்கு ஒரு சென்டிமீட்டர் நகரும். வண்டிக்குப் பெயரிடக் கட்டுரைப் போட்டி ஒன்று நடந்தது. அடிமையாகப் பிறந்து அடிமை முறையை எதிர்த்தும் பெண்ணுரிமைக்காகவும் போராடிய சோஜர்னர் ட்ரூத் அம்மையாரின் பெயரைச் சூட்ட வேண்டுமென எழுதிய 12 வயதுச் சிறுமி வென்றாள். தங்கிச் செல்லும் பயணி என்பது 'சோஜர்னர்' என்ற சொல்லின் பொருள்.

1997 ஜூலை 4, அமெரிக்கரின் விடுமுறை நாள். காற்றுப் பைகளால் போர்த்தப்பட்ட கலம் ஏரிஸ் பள்ளத்தாக்கில் விழுந்து, குறைந்தது 15 முறை பந்தெனத் துள்ளி நின்றது. குறிப்பொலி 19 கோடி கிலோமீட்டர் கடந்து வரப் பத்து நிமிடத்துக்குமேல் ஆயிற்று. பசடேனாவில் கோளியல் கழகம் நடத்திய விழாவில் குடும்பம் குடும்பமாகக் கூடியோர் பெருந்திரையில் படங்களைக் கண்டனர். ஆனால் வண்டி உடனே இறங்கவில்லை. சுருங்காத காற்றுப் பை ஒன்று வழியை மறித்தது. கலத்துக்கும் வண்டிக்குமிடையே பேச்சும் தடைப்பட்டது. இரண்டும் சீராகி, கலிபோர்னிய நேரப்படி ஜூலை 5 இரவு வண்டி மண்ணைத் தொட்டது. இத்தடைகள் ஆர்வத்தைக் குறைக்காமல் வளர்த்தன. கதை கேட்போருக்கு இடையூறு வேண்டுமல்லவா?

படங்கள் இணையத்தில் உடனுக்குடன் வெளியாயின. விடுமுறை முடிந்து அலுவலகங்கள் திறந்த பின், ஜூலை 8 ஒரு நாளில் மட்டும் 4 கோடியே 70 இலட்சம் கோரிக்கைகள் அப்பக்கங்களுக்கு வந்தன. முதல் மாதத்தில் 56 கோடிக்கு மேல். ஒருவரே பல முறை கேட்டிருக்கலாமாதலின் இதனை மக்கள் தொகையாகக் கொள்ளலாகாது. எனினும் இணையம் குழந்தைப் பருவத்தில் இருந்த அக்காலத்துக்கு இது வியப்பூட்டும் அளவே. வண்டியின் பொம்மை கடைகளில் விற்றுத் தீர்ந்தது. பாறைகளுக்கு யோகி, ஸ்கூபி டூ என்றெல்லாம் பெயரிட்டனர். யோகி என்றதும் நம்மவர் தவமுனிவரை நினைத்துவிட வேண்டா; அது சித்திரப் படக் கரடி!

அறிவியல் நோக்கில் கிடைத்தவை அடக்கமானவை: பாறைகளின் வேதியியல் கூறுகள், முன்னொரு காலத்தில் நீர் பெருகி ஓடியதை உணர்த்தும் உருண்டைக் கூழாங்கற்கள். வைக்கிங் இதனினும் பெரிய முயற்சி. அவ்வாறிருந்தும் மக்கள் சிறு வண்டிக்கே மனம் பறிகொடுத்தனர். லோவல் கூறியதை அவர்கள் நம்பினர்; வைக்கிங் படங்களுள் செய்தித்தாளும் தொலைக்காட்சியும் தேர்ந்து தந்தவற்றைப் பார்த்தனர். 1997இலோ ஆய்வாளர் கண்ட படத்தை ஏறக்குறைய அதே வேளையில் பள்ளிச் சிறுவனும் கண்டான். வண்டி தடுமாறியபோது அவனும் தவித்தான். உயிரினம் இல்லாத, வாய்க்கால் இல்லாத வெறுங்கல் நிலத்தை மக்கள் உள்ளவாறே விரும்பியது அப்போதுதான். 2012 ஆகஸ்டில் கியூரியாசிட்டி இறங்கியபோது நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்தில் நள்ளிரவு கடந்தும் மக்கள் திரண்டு நின்றது இவ்விருப்பத்தின் தொடர்ச்சியே.

இத்தகைய நாளுக்காகவே மக்களிடையே ஓயாது பேசியும் எழுதியும் வந்த கார்ல் சேகன் அதனைக் காண இல்லை. 1996 டிசம்பரில் மறைந்தார். இறங்குகலத்துக்கு அவர் நினைவாகப் பெயர் சூட்டப்பட்டது.

ஏழு நாளுக்கென வடிவமைத்த வண்டி 83 நாள் உழைத்து, ஏறத்தாழ 100 மீட்டர் தொலைவு நகர்ந்தது. 1997 செப்டம்பர் 27க்குப் பின் கலத்திலிருந்து செய்தி வரவில்லை. கலத்தின் குரல் சில நாள் கேளாதுபோனால் அருகே திரும்பிச் சென்று அதனைச் சுற்றி வருமாறு வண்டிக்கு முன்னரே கட்டளை இடப்பட்டிருந்தது. கலத்தின் வழியாகவே வண்டி பூமியுடன் பேச இயலுமாதலின், அது எத்தனை முறை சுற்றியது என்பதைச் சொல்ல அங்கு எவரும் இல்லை.