சிகிரியாவில் ஏணி வைத்தவர்கள்

சாரம் என்றால் நம்மவருக்கு இடுப்பில் உடுப்பதுதான் முதலில் நினைவுக்கு வரும். நான் சொல்ல வருவது கட்டடத் தொழிலாளர் நின்று வேலை செய்யக் கட்டும் சாரத்தையும் அதில் ஏறுவதற்கு வைக்கும் இரும்பு ஏணியையும் பற்றியது. கொழும்பில் எழும் மாடிக் கட்டடங்களைச் சுற்றி இரும்புக் குழாய்ச் சாரங்களைக் காணும்போதெல்லாம் எனக்கு நினைவில் எழுவது சிகிரியாவே.

காசியப்பன் (477–495) காலத்துக் குன்று அது. சமவெளியிலிருந்து ஏறத்தாழ 180 மீற்றர் உயரம். 1831 இல் மேஜர் ஃபோர்ப்ஸ் அதைக் கண்டார். 1853 இல் அடம்ஸ், பெய்லி என்னும் இரு ஆங்கிலேய அதிகாரிகள் உச்சியையே தொட்டுவிட்டனர். ஆனால் செங்குத்துப் பாறையின் நடுவே, குடைவொன்றில் இருந்த ஓவியப் பெண்களைக் கீழே நின்று தொலைநோக்கியால் பார்க்க மட்டுமே முடிந்தது.

1889 இல் ஆளுநர் ஆதர் கோர்டனின் விருப்பப்படி, பொதுவேலைத் திணைக்களத்தைச் சேர்ந்த மரே என்பவர் அங்கு ஏற முனைந்தார். பேய்கள் உறையும் பாறை என்று அஞ்சிய ஊரவர்கள் உதவிக்கு வர மறுத்தனர். ஆகவே தென்னிந்தியாவிலிருந்து தமிழ்க் கற்றச்சர்கள் வரவழைக்கப்பட்டனர். பாறையில் துளையிடுவது, இரும்பு முளையைச் செருகிச் சீமெந்தால் இறுக்குவது, அதன்மேல் நின்று அடுத்த துளையை இடுவது: இதுவே முறை. ஒரு கட்டத்தில் அவர்களும் தயங்கினர். நோன்பிருந்து வழிபட மூன்று நாள் அவகாசம் கேட்டனர்; பெற்றனர்; பின்னர் வேலையை முடித்தனர். மூடநம்பிக்கை என்று சிரிப்பவர்கள் அந்த முளையின்மேல் ஒரு கணம் நின்று பார்க்கட்டும்.

அவர்கள் அமைத்த வழியால் ஏறிய மரே, மேடையொன்றில் மல்லாந்து படுத்தபடியே நாட்கணக்கில் ஓவியங்களைப் பிரதி செய்தார். வேலை நிறைவில் அன்றைய பத்திரிகைகளும் நாணயங்களும் அடைத்த போத்தல் ஒன்று அங்கே வைத்துப் பூசப்பட்டது. பௌத்த பிக்கு ஒருவரும் சைவக் குருக்கள் ஒருவரும் மேலேறி வந்து, ஓவியங்கள் நிலைக்க வேண்டுமென்று வழிபட்டனர். பத்திரிகைக்காரன் என்ற முறையில், அந்தப் போத்தலுக்குள் இருந்த செய்திகளை வாசிக்க எனக்கு இன்றும் ஆசை.

1894 இல் தொல்பொருள் ஆணையாளர் பெல் சிகிரியாவில் பணி தொடங்கியதும் உச்சிக்கு இரும்பு ஏணியும் கைப்பிடிக் கம்பிகளும் வந்தன. 1896–97 இல் பெரேரா என்னும் ஓவியர் ஓவியங்களைப் பிரதி எடுத்தார். 1938 இல் ஓவியங்களுக்கென்றே சுருள் இரும்புப் படிக்கட்டு பொருத்தப்பட்டது. அதன் பிறகே சாதாரணச் சனங்கள் அந்தப் பெண்களை நேருக்கு நேர் கண்டனர்.

எட்டாத உயரந்தான் அவற்றுக்கு அதுவரை காவலாகவும் இருந்தது. 1967 ஒக்ரோபரில் விஷமிகள் மேலேறி, ஓவியங்கள்மீது வண்ணப்பூச்சை அப்பிச் சிதைத்தனர். உரோமிலிருந்து வந்த லூசியானோ மரன்சி அதைப் பொறுமையாக அகற்றிச் சீர்செய்தார்.

மரே, பெல், பெரேரா, மரன்சி ஆகிய பெயர்களெல்லாம் நூல்களில் உள்ளன. முதல் முளையை இறுக்கிய கற்றச்சர்களில் ஒருவரது பெயரைக்கூட நான் எங்கும் வாசித்ததில்லை.