பாய்மரப் படகில் துணை வெளியிணைப்பு இயந்திரம்

பாய்மரப் படகில் துணை வெளியிணைப்பு இயந்திரம் என்பது, முதன்மையாகக் காற்றின் விசையால் செல்லும் ஒரு சிறு படகின் பின்புறத்தில், கழற்றி மாட்டத்தக்க வகையில் பொருத்தப்படும் சிறிய இயந்திரம் ஆகும். காற்று விழுந்துவிட்ட வேளையிலும், எதிர்நீரோட்டத்திலும், குறுகிய துறைக்குள் நுழையும்போதும் இது பயன்படுகிறது. தமிழ்நாட்டில் இது பொதுவாக அவுட்போர்டு மோட்டார் அல்லது அவுட்போர்டு இன்ஜின் என வழங்கப்படுகிறது. வெளியிணைப்பு இயந்திரம் என்பது இலங்கைத் தமிழ் வழக்கு.

பொறி, பற்சக்கரப் பெட்டி, சுழல்விசிறி (புரொப்பெல்லர்) ஆகிய மூன்றும் ஒரே அலகாக அமைந்திருப்பதும், அந்த அலகு முழுவதும் படகின் உடலுக்கு வெளியே தொங்குவதும் இவ்வியந்திரத்தின் சிறப்பு. படகின் அடியில் துளையிடத் தேவையில்லை. பயன்படாத வேளையில் சாய்த்து நீரிலிருந்து தூக்கிவிடலாம். ஆயினும், பாய்மரப் படகுகள் இவ்வியந்திரத்தைச் சுமப்பதற்காக வடிவமைக்கப்பட்டவை அல்ல. எனவே எங்கே, எந்த உயரத்தில், எவ்வாறு பொருத்துவது என்பதே இதன் பயனைத் தீர்மானிக்கிறது.

வரலாறு

வெளியிணைப்பு இயந்திரங்கள் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே முயன்று பார்க்கப்பட்டன. நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஓலே எவின்ரூட், மில்வாக்கி நகரில் 1909ஆம் ஆண்டு விற்பனைக்குக் கொண்டுவந்த இயந்திரமே வணிக அளவில் பெரும் வெற்றி பெற்றது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் சப்பானிய நிறுவனங்களான யமஹா, சுசூகி முதலியன இத்துறையில் இறங்கின. பெட்ரோலில் தொடங்கி மண்ணெண்ணெயில் ஓடும் இயந்திரங்கள் ஆசிய நாடுகளின் மீனவர்களிடையே பரவின. 2005இல் செருமனியில் தொடங்கப்பட்ட டார்க்கீடோ போன்ற நிறுவனங்கள் மின்கலத்தால் இயங்கும் வகைகளை விற்பனைக்குக் கொண்டுவந்தன.

திறனைத் தேர்ந்தெடுத்தல்

நீரை விலக்கிக்கொண்டு செல்லும் படகு ஒவ்வொன்றுக்கும் அதன் நீளத்தைப் பொறுத்த ஒரு வேக எல்லை உண்டு. நீர்மட்டத்தில் படகின் நீளத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 2.43ஆல் பெருக்கினால் அந்த எல்லை மணிக்கு எத்தனை கடல் மைல் என்பது ஏறத்தாழக் கிடைக்கும். எடுத்துக்காட்டாக, 6 மீட்டர் நீளப் படகுக்கு இது மணிக்கு சுமார் 6 கடல் மைல் (11 கிலோமீட்டர்) ஆகும். இவ்வெல்லையை நெருங்கும்போது படகு தான் எழுப்பிய அலையின் மீதே ஏற முயல்வதால் தடை மிக விரைவாக உயர்கிறது. அதன்பின் எத்தனை குதிரைத்திறன் கூட்டினாலும் எரிபொருள் செலவாகுமேயன்றி வேகம் பெரிதாகக் கூடாது.

பாய்மரப் படகுகளுக்கு எடையில் ஒரு டன்னுக்கு 3 முதல் 4 குதிரைத்திறன் போதும் என்பது பொதுவான நடைமுறைக் கணக்கு. குதிரைத்திறனைவிட முக்கியமானது உந்துவிசை. மெதுவாகச் செல்லும் கனமான படகுக்கு, விட்டம் பெரிதாகவும் சுருதி (ஒரு சுற்றில் விசிறி முன்னேறும் தூரம்) குறைவாகவும் உள்ள சுழல்விசிறி ஏற்றது. விரைவுப் படகுக்கு உரிய விசிறியை மாட்டினால், அது நீரைக் கலக்குமேயன்றிப் படகைத் தள்ளாது.

தண்டின் நீளம்

இயந்திரத்தை மாட்டும் இருக்கையிலிருந்து, விசிறிக்குச் சற்று மேலே உள்ள கிடைத்தகடு வரையுள்ள தொலைவே தண்டின் நீளம் எனப்படுகிறது. இது பொதுவாக மூன்று அளவுகளில் கிடைக்கிறது.

குட்டைத் தண்டு: 38 செ.மீ. (15 அங்குலம்)
நெடுந்தண்டு: 51 செ.மீ. (20 அங்குலம்)
மிகை நெடுந்தண்டு: 63.5 செ.மீ. (25 அங்குலம்)

பாய்மரப் படகில் நேரும் பெரும் தவறு குட்டைத் தண்டைத் தேர்ந்தெடுப்பதே. பின்வரும் கணக்கு இதனை விளக்கும். தாங்கியை இறக்கிய நிலையில் இயந்திரத்தின் இருக்கை நீர்மட்டத்துக்கு மேல் 35 செ.மீ. உயரத்தில் இருப்பதாகக் கொள்வோம். அமைதியான நீரில் குட்டைத் தண்டின் தகடு 3 செ.மீ. ஆழத்திலும், நெடுந்தண்டின் தகடு 16 செ.மீ. ஆழத்திலும், மிகை நெடுந்தண்டின் தகடு 28.5 செ.மீ. ஆழத்திலும் இருக்கும். இப்பொழுது ஓர் அலையில் படகின் முன்புறம் (அணியம்) வெறும் 3 பாகை தாழ்வதாகக் கொண்டால், நடுவிலிருந்து 3.5 மீட்டர் பின்னால் உள்ள இயந்திரம் சுமார் 18 செ.மீ. மேலெழும். குட்டைத் தண்டின் தகடு நீருக்கு மேலே 15 செ.மீ. வந்துவிடும். மிகை நெடுந்தண்டின் தகடு அப்போதும் 10 செ.மீ. ஆழத்தில் இருக்கும்.

விசிறி நீர்மட்டத்தை நெருங்கினால் மேலிருந்து காற்றை உள்ளிழுத்துக்கொள்ளும். அப்போது சுமை அற்றுப்போவதால் பொறி அலறிச் சுழலும், படகோ நகராது. பாய் இறக்கப்பட்ட நிலையில், கரையோர அலை உடையும் இடத்தில் இது நேர்ந்தால் படகு பக்கவாட்டில் திரும்பிக் கவிழக்கூடும். இயந்திரம் மிகவும் தேவைப்படும் அதே நேரத்தில்தான் அது கைவிடும் என்பதால், தண்டின் நீளம் வசதி பற்றியதன்று, உயிர் பற்றியது.

பொருத்தும் இடங்கள்

பின்பலகையில் நேரடியாக: படகின் பின்பலகை தாழ்வாகவும் உறுதியாகவும் இருந்தால் இதுவே எளிது. சுக்கான் நடுவில் இருப்பதால் இயந்திரத்தை ஒரு பக்கம் தள்ளி மாட்ட வேண்டும். விசிறியும் சுக்கானும் முழுத் திருப்பத்திலும் ஒன்றோடொன்று மோதக் கூடாது.

ஏற்றி இறக்கும் தாங்கியில்: உயரமான பின்பலகைக்கு இதுவே பெருவழக்கு. நான்கு கரங்களும் விற்சுருளும் கொண்ட தாங்கி, பாய் விரித்துச் செல்லும்போது இயந்திரத்தை உயர்த்தியும், தேவைப்படும்போது நீரில் இறக்கியும் வைக்கிறது.

கிணற்றில்: சில படகுகளில் பின்தளத்தில் அடிவரை திறந்த ஒரு குழி அமைக்கப்பட்டிருக்கும். விசிறி நடுவை நோக்கி அமைவதால் அலையில் எளிதில் வெளிவராது. ஆனால் தூக்க முடியாத அமைப்பாயின், பாயில் செல்லும்போது விசிறி நீரை இழுத்து வேகத்தைக் குறைக்கும்.

எடையும் சமநிலையும்

4 குதிரைத்திறன் கொண்ட நான்கு வீச்சு இயந்திரம் ஏறத்தாழ 25 கிலோ எடை உடையது. இது படகின் நடுவிலிருந்து 3.5 மீட்டர் பின்னால் தொங்கினால் 87.5 கிலோ-மீட்டர் திருப்புமை உண்டாகும். இதை ஈடுசெய்ய, 70 கிலோ எடையுள்ள ஒருவர் நடுவிலிருந்து 1.25 மீட்டர் முன்னால் அமர வேண்டும். ஈடுசெய்யாவிட்டால் பின்புறம் அமிழ்ந்து, பாயில் செல்லும் வேகம் குறையும். எரிபொருள் கலத்தையும் மின்கலத்தையும் இயலுமளவு நடுவில் வைப்பது இதனால்தான்.

பொருத்தும் முறை

1. படகை வழக்கமான சுமையுடன் நீரில் மிதக்கவிட்டு, நீர்மட்டத்தைப் பின்பலகையில் குறித்துக்கொள்ள வேண்டும். கரையில் வைத்து அளந்தால் பிழை நேரும்.
2. தாங்கியின் இறங்கிய நிலை, உயர்ந்த நிலை ஆகிய இரண்டையும் அட்டை வார்ப்புரு கொண்டு சரிபார்க்க வேண்டும்.
3. பின்பலகையின் உட்புறத்தில், தாங்கியைவிட அகலமான கெட்டிப்பலகை வைக்க வேண்டும். உந்துவிசையை ஓரிடத்தில் குவியாமல் பரப்புவது இதன் பணி.
4. மரத்திருகுகளைப் பயன்படுத்தக் கூடாது. பலகையை ஊடுருவிச் செல்லும் துருப்பிடிக்கா எஃகு மரையாணிகளே தேவை.
5. துளையின் உட்சுவர்களில் பிசினும், ஆணியைச் சுற்றிக் கடல்நீர் தாங்கும் அடைப்புப் பசையும் இட வேண்டும். இல்லையேல் பலகையின் உள்ளே நீர் புகுந்து மரம் உளுத்துப்போகும்.
6. இயந்திரத்தின் இறுக்கித் திருகுகள் அதிர்வில் தளரக்கூடியவை. எனவே இயந்திரத்தைப் படகோடு பிணைக்கும் சங்கிலியோ கயிறோ தனியே வேண்டும்.
7. முதல் ஓட்டத்துக்குப் பின் எல்லா ஆணிகளையும் மீண்டும் இறுக்க வேண்டும்.

தமிழ்நாட்டுக் கடற்கரையில்

துணை இயந்திரம் பொருத்துதல் பற்றிய தமிழ்நாட்டின் அனுபவம் உல்லாசப் படகுகளிலிருந்து வந்ததன்று, மீன்பிடிக் கலங்களிலிருந்து வந்தது. கட்டுமரமும் வள்ளமும் பாய் விரித்து ஓடியவையே. 1980களில் பாரம்பரியக் கலங்களை இயந்திரமயமாக்க அரசு மானியம் வழங்கியது.

கட்டுமரத்தில் இயந்திரம் மாட்டுவதில் மூன்று இடர்கள் இருந்தன. முதலாவது, அதற்குப் பின்பலகையே கிடையாது. மரக்கட்டைகளின் மேல் தனிச்சட்டம் ஒன்றைப் பிணைக்க வேண்டியிருந்தது. இரண்டாவது, கயிற்றால் கட்டப்பட்ட கட்டைகள் அலையில் நெகிழ்ந்து கொடுப்பவை. அந்நெகிழ்வே கட்டுமரத்தின் வலிமை, ஆனால் விறைப்பான சட்டத்துக்கு அதுவே பகை. மூன்றாவது, துறைமுகம் இல்லாத திறந்த மணற்கரையில் அலையோடு வந்து கரையேற வேண்டும். சரியான நொடியில் இயந்திரத்தைச் சாய்க்காவிட்டால் விசிறி மணலில் மோதி உடையும்.

இவ்விடர்களுக்குப் படகையே மாற்றுவது ஒரு தீர்வாக முன்வைக்கப்பட்டது. கன்னியாகுமரி மாவட்டம் முட்டத்தில் பெல்ஜியத்தைச் சேர்ந்த பியர் கில்லே, ஒட்டுப்பலகையால் ஆன சிறு படகுகளை உருவாக்கும் பணியில் ஈடுபட்டார். அம்முயற்சியின் தோல்விகளையும் வெற்றிகளையும், சிறியதே கடினம் எனப் பொருள்படும் தலைப்பில் 1985இல் ஆங்கில நூலாக எழுதினார். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு 1979இல் தொடங்கிய ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் வங்காள விரிகுடாத் திட்டம், கரையேறும் படகுகளில் தூக்கத்தக்க டீசல் பொறிகளைச் சோதித்தது. சிறு படகுகளின் எரிபொருள் செலவைக் குறைப்பது பற்றி அத்திட்டம் 1986இல் ஒரு கையேட்டையும் வெளியிட்டது. வேகத்தைச் சற்றுக் குறைப்பது எரிபொருளைப் பெரிதும் மிச்சப்படுத்தும். மணிக்கு 6 கடல் மைலிலிருந்து 5ஆகக் குறைத்தாலே தேவைப்படும் திறன் ஏறத்தாழப் பாதியாகிறது.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் நிவாரணமாகப் பெருமளவில் வந்த கண்ணாடியிழைப் படகுகள் பல ஊர்களில் கட்டுமரத்தின் இடத்தைப் பிடித்தன. இவற்றில் நீண்ட தண்டுடைய சிறு டீசல் பொறிகள் பெருவழக்காயின.

துணை இயந்திரம் இவ்வாறு முதன்மை இயந்திரமாயிற்று. பாய் விரித்துச் செல்லும் மீன்பிடிக் கலங்கள் இன்று தமிழகக் கரையில் அரிது. தொலைவும் நேரமும் மீனவருக்கு வசப்பட்டன என்பது உண்மை. அதேவேளை, பங்குமுறையில் எரிபொருள் செலவைக் கழித்த பின்னரே மீன்பாடு பங்கிடப்படுவதால், காற்று இலவசமாகச் செய்த வேலைக்கு ஒவ்வொரு நாளும் விலை கொடுக்க வேண்டியதாயிற்று. பொறி பழுதுபட்டால் கரை திரும்ப உதவும் பாயும் பல படகுகளில் இல்லாமற் போயிற்று.

ஆழமற்ற நீரில்

ஆவடி, பூந்தமல்லி ஆகியவை அமைந்துள்ள திருவள்ளூர் மாவட்டத்தின் கடலோரப் பகுதியான பழவேற்காட்டு ஏரியின் சராசரி ஆழம் சுமார் ஒரு மீட்டரே. அங்கே பாயும் ஊன்றுகோலுமே தொன்றுதொட்டுப் பயன்பட்டன. இத்தகைய நீர்நிலைகளில் மிகை நெடுந்தண்டு தரைதட்டும். வலைகளும் நீர்த்தாவரங்களும் விசிறியில் சிக்கும். எனவே குறைந்த ஆழத்தில் ஓட்டத்தக்க சாய்வுநிலை உள்ள இயந்திரமே இங்கு ஏற்றது.

பாதுகாப்பும் பராமரிப்பும்

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. மூடிய அறையின் அடியில் தங்கித் தீப்பற்றும். எரிபொருள் கலம் காற்றோட்டமான இடத்தில் இருத்தல் வேண்டும்.
ஓட்டுபவர் தவறி விழுந்தால் பொறியை நிறுத்தும் கயிற்றை உடலில் மாட்டிக்கொள்ள வேண்டும்.
உயிர்காப்பு மேலாடை அனைவருக்கும் வேண்டும். 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச்சென்ற இயந்திரப் படகு கவிழ்ந்து 22 பேர் உயிரிழந்தனர்.
கடல்நீரில் ஓட்டிய பின் நன்னீரை ஓடவிட்டுக் குளிர்விப்புக் குழாய்களைக் கழுவ வேண்டும். அரிப்பைத் தான் ஏற்று உலோகத்தைக் காக்கும் துத்தநாகக் கட்டியைத் தேய்ந்ததும் மாற்ற வேண்டும்.
1972ஆம் ஆண்டின் பன்னாட்டுக் கடல் மோதல் தடுப்பு விதிகளின்படி, பாய் விரித்திருந்தாலும் இயந்திரம் உந்தும் வேளையில் அப்படகு இயந்திரக் கலமாகவே கருதப்படும். பாய்க்கலத்துக்குரிய முன்னுரிமை அதற்கில்லை. பகலில் முனை கீழ்நோக்கிய கூம்பு ஒன்றை முன்புறத்தில் காட்ட வேண்டும்.
இயந்திரம் இருப்பினும் பாயும் துடுப்பும் எப்போதும் பயன்படுத்தத்தக்க நிலையில் இருத்தல் வேண்டும்.

இவற்றையும் பார்க்க

கட்டுமரம்
வள்ளம்
பாய்மரக் கப்பல்
பழவேற்காடு ஏரி