கடலில் தங்கம் தேடிய ஹாபர்

தூத்துக்குடியிலிருந்து பஸ்ஸில் திருச்செந்தூர் போயிருந்தா, வழியில் ஸ்பிக் உரத் தொழிற்சாலையைக் கட்டாயம் பார்த்திருப்பீங்க. 1975-லிருந்து அங்கே யூரியா தயாராகுது. யூரியாவுக்கு அம்மோனியா வேணும். அந்த அம்மோனியாவைத் தயாரிக்கிற வழிக்கு ஒரு ஜெர்மன் வேதியியலாளரோட பேர் இருக்கு: ஃபிரிட்ஸ் ஹாபர்.

காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். ஆனா நெல்லோ வாழையோ அதை நேரடியா எடுத்துக்க முடியாது. நைட்ரஜனின் இரண்டு அணுக்கள் அவ்வளவு இறுக்கமா ஒட்டிக்கிட்டு இருக்கும். அதனால ஐரோப்பா சிலி நாட்டிலிருந்து கப்பல் கப்பலா வெடியுப்பு இறக்குமதி பண்ணி வயலில் போட்டது. 1909-ல் கார்ல்ஸ்ரூஹே நகரத்தில் ஹாபர் அந்தப் பிணைப்பை உடைச்சுக் காட்டினார். வளிமண்டலத்தைப் போல கிட்டத்தட்ட 200 மடங்கு அழுத்தம், 500 டிகிரிக்கு மேல் வெப்பம், கூடவே ஒரு வினையூக்கி. அம்மோனியா சொட்டு சொட்டா இறங்கியது. கார்ல் போஷ் அதை 1913-ல் பெரிய ஆலையாக்கினார்.

அடுத்த வருஷமே முதல் உலகப்போர். சிலி வெடியுப்பு வரும் வழியை பிரிட்டிஷ் கடற்படை அடைச்சதும், உரத்துக்காகக் கண்டுபிடிச்ச அம்மோனியா வெடிமருந்துக்குப் போனது. ஹாபர் அதோட நிற்கல. 1915 ஏப்ரல் 22 அன்னைக்கு பெல்ஜியத்தின் ஈப்ர் போர்முனையில் குளோரின் வாயுவைத் திறந்துவிட்டப்போ, அவரே நேரில் நின்னு மேற்பார்வை பார்த்தார். பத்து நாள் கழிச்சு அவர் மனைவி கிளாரா இம்மர்வார், அவரோட துப்பாக்கியாலேயே தன்னைச் சுட்டுக்கிட்டாங்க. கிளாராவும் வேதியியலில் முனைவர் பட்டம் வாங்கினவங்க. வாயுப் போரை அவங்க எதிர்த்தாங்கன்னு பலர் எழுதறாங்க. அவங்க மணவாழ்க்கையும் ஏற்கனவே கசந்துதான் போயிருந்தது. ஹாபர் உடனே கிழக்குப் போர்முனைக்குக் கிளம்பிட்டார். 1918-ம் ஆண்டுக்கான நோபல் பரிசும் அவருக்குத்தான்.

தோத்த ஜெர்மனி கட்ட வேண்டிய இழப்பீடு 13,200 கோடி தங்க மார்க். கடல்நீரில் கரைஞ்சிருக்கும் தங்கத்தைப் பிரிச்சே இதை அடைச்சிடலாம்னு ஹாபர் நம்பினார். ஒரு டன் நீரில் சில மில்லிகிராம் தங்கம் இருக்கும்னு பழைய அளவீடுகள் சொல்லியிருந்தன. கப்பலிலேயே ஆய்வுக்கூடம் வச்சு, பல கடல்களின் நீரை வருஷக்கணக்கா சோதிச்சார். கிடைச்சது எதிர்பார்த்ததில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு.

தூத்துக்குடி முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் சிப்பிகளைத் திறக்காமலேயே ஆயிரக்கணக்கில் ஏலம் விடுவாங்க. உள்ளே முத்து இருக்கா இல்லையான்னு தெரியாமலே வியாபாரி பணம் போடணும். ஹாபர் ஆடினதும் கிட்டத்தட்ட அதே ஆட்டம்தான். ஆனா அவர் தோல்வியை மறைக்கல. கணக்கு தப்புன்னு அவரே கட்டுரை எழுதி வெளியிட்டார். அந்த மனுஷன்கிட்ட எனக்குப் பிடிச்ச ஒரே இடம் இதுதான்.

நாட்டுக்காக இவ்வளவும் பண்ணியும், பிறப்பால் அவர் யூதர். 1933-ல் யூத ஊழியர்களை வெளியேத்தச் சொல்லி நாஜி அரசு சட்டம் போட்டது. ஹாபர் பதவி விலகி நாட்டை விட்டுப் போனார். 1934 ஜனவரியில் பாசெல் நகரத்தில் இறந்தார். அவரோட நிறுவனத்தில் பூச்சிக்கொல்லியா வளர்ந்த சைக்ளான் வகை நச்சு, பிறகு நாஜி முகாம்களில் மனிதர்களைக் கொன்றது. அவருடைய உறவினர்கள் சிலரும் அந்த முகாம்களில் இறந்தாங்க.

ஸ்பிக் ஆலை அம்மோனியாவுக்கான ஹைட்ரஜனை ரொம்ப காலம் நாஃப்தாவிலிருந்து எடுத்தது. 2021-ல் ராமநாதபுரத்திலிருந்து 143 கிலோமீட்டர் குழாய் வழியா இயற்கை எரிவாயு வந்து சேர்ந்தது. நைட்ரஜனை மட்டும் எங்கிருந்தும் கொண்டுவர வேண்டாம்; அது அந்தக் கடற்கரைக் காத்துலயே இருக்கு.