ஆணையும் வாய்மையும்

ஆண்டவன் பெயரால் ஆணையிட மனமில்லாதவன், மக்கள் மன்றத்தில் அமரலாமா? இங்கிலாந்து நாடாளுமன்றத்தை ஆறு ஆண்டுகள் அலைக்கழித்த கேள்வி இது.

1880-இல் நார்த்தாம்டன் மக்கள் சார்லஸ் பிராட்லாவைத் தேர்ந்தெடுத்தனர். அவர் நாத்திகர், அதை மறைத்தவருமல்லர். ஆணைக்கு மாறாக உறுதிமொழி கூற அனுமதி கேட்டார், மறுத்தனர். சட்டம் கேட்கும் ஆணையையே எடுக்கிறேன் என்றார்; நம்பாதவன் வாயில் நாதன் பெயரா எனச் சீறி, அதனையும் மறுத்தனர். வெளியேற மறுத்தவரை மணிக்கூண்டில் சிறை வைத்தனர். 1881-இல் வலுக்கட்டாயமாக வெளியே தள்ளினர்.

மக்கள் சளைத்தனரா? இல்லை. 1881, 1882, 1884 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் நடந்த இடைத்தேர்தல்களில் அவரையே அனுப்பினர்.

இதிலுள்ள விந்தையை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். தம் கருத்தை மறைத்து, விவிலிய ஏட்டை முத்தமிட்டு அமர்ந்திருப்பாராயின் அவரை ஏனென்று கேட்பாரில்லை! உண்மை உரைத்ததே குற்றமாயிற்று. பக்தியைக் காக்கப் புறப்பட்டோர், பொய்க்கன்றோ பரிசளித்தனர்!

பக்தரான பிரதமர் கிளாட்ஸ்டன் இதனை உணர்ந்தார். 1883-இல் உறுதிமொழி மசோதாவை ஆதரித்து வாதாடினார். மூன்றே வாக்குகளில் அது தோற்றது. 1886-இல் சபாநாயகர் குறுக்கீட்டை ஏற்க மறுக்கவே, பிராட்லா ஆணையெடுத்து அமர்ந்தார். அவர் முயற்சியால் 1888-இல் உறுதிமொழி அனைவர்க்கும் சட்ட உரிமையாயிற்று. 1891 ஜனவரியில், அவர் மரணப் படுக்கையில் கிடந்தபோது, அவரைத் தடுத்த பழைய தீர்மானத்தை மன்றமே தன் ஏட்டிலிருந்து நீக்கியது. அச்செய்தியை அறியாமலே அவர் கண்மூடினார்.

நம் அரசியலமைப்பின் மூன்றாம் அட்டவணையில், கடவுள் பெயரால் ஆணையிடலும் உளமார உறுதி கூறலும் அருகருகே நிற்கின்றன. நம்புவோர்க்கு ஒரு வழி, நம்பாதோர்க்கு ஒரு வழி. இருவர்க்கும் ஒரே நாற்காலி. கோயில் வாயிலைக் கடந்து வந்தாயா என்று மக்கள் மன்றம் கேட்கலாகாது. மக்கள் அனுப்பினரா என்பதே அது கேட்க வேண்டிய கேள்வி.