பாடியில் செய்த பிரேக்கும் ஒரு பழைய பிக்கப் வண்டியும்

பாடி, அம்பத்தூர் பக்கம் பஸ்ஸில் போய் வருகிறவர்களுக்கு நிறுத்தங்களின் பெயர்களே ஒரு தொழில் வரலாறு. லூகாஸ், பிரிட்டானியா, டி.ஐ. சைக்கிள், டன்லப்... இதில் டன்லப் ஆலை மூடிப் பல வருடங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் "டன்லப் எல்லாம் எறங்கு" என்று கண்டக்டர் குரல் கொடுத்தால் யாருக்கும் குழப்பம் வருவதில்லை.

இந்தப் பெயர்களுக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. நம் நாட்டு லாரி, பஸ், கார்களை நிறுத்தி வைக்கும் பிரேக்குகள் இந்தச் சில கிலோமீட்டர் எல்லைக்குள்தான் பெருமளவில் உருவாகி வந்திருக்கின்றன. அப்படியிருந்தும், பிரிட்டனில் 1950களிலேயே காருக்கு வந்துவிட்ட டிஸ்க் பிரேக் நம் வண்டிகளுக்கு வந்து சேர முப்பது வருடங்கள் ஆயின. ஏன்? அதே கேள்வியின் மறுபக்கம் இது: 1960களின் ஒரு பழைய பிக்கப்பை இன்று சீர்செய்து ஓட்ட நினைப்பவர், அதன் டிரம் பிரேக்கைக் கழற்றிவிட்டு டிஸ்க் போடலாமா? இரண்டையும் இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

முதலில் கொஞ்சம் இயற்பியல்

பிரேக்கின் வேலை வண்டியின் இயக்க ஆற்றலை வெப்பமாக மாற்றுவது. அவ்வளவுதான். 1,500 கிலோ எடையுள்ள ஒரு பிக்கப் 60 கி.மீ. வேகத்தில் போகிறது என்று வையுங்கள். பள்ளிக்கூடத்து அரை எம் வி ஸ்கொயர் சூத்திரத்தைப் போட்டால் சுமார் 208 கிலோ ஜூல் வருகிறது. 30 டிகிரியில் இருக்கும் முக்கால் லிட்டர் தண்ணீரைக் கொதி நிலைக்குக் கொண்டுவர ஏறக்குறைய இவ்வளவு வெப்பம் வேண்டும். ஒவ்வொரு முறை முழுதாக நிறுத்தும்போதும் இத்தனை வெப்பம் சில நொடிகளில் நான்கு சக்கரங்களுக்குள் இறங்குகிறது. வேகம் 80 ஆனால் ஆற்றல் 370 கிலோ ஜூல். வேகம் மூன்றில் ஒரு பங்கு கூடினால் வெப்பம் முக்கால் பங்கு கூடிவிடுகிறது!

டிரம் பிரேக்கில் இரும்புச் சட்டி போன்ற டிரம் சக்கரத்தோடு சுற்றும். உள்ளே இருக்கும் இரண்டு ஷூக்கள் விரிந்து அதன் உட்சுவரை அழுத்தும். வெப்பம் வெளியேற வழி குறைவு. சூடேறிய டிரம் விரிவடைந்து ஷூவை விட்டு விலகுகிறது. லைனிங்கின் உராய்வும் குறைகிறது. மிதிக்க மிதிக்கப் பெடல் கீழே போகும், வண்டி நிற்காது. தேங்கிய மழைத்தண்ணீரில் இறங்கி ஏறினால் உள்ளே புகுந்த தண்ணீர் காயும் வரை பிரேக் சரியாகப் பிடிக்காது. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பழைய வண்டி ஓட்டியவர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

டிஸ்க் பிரேக்கில் வட்டத் தகடு திறந்த வெளியில் சுற்றுகிறது. காலிப்பர் என்னும் கவ்வி இரண்டு பக்கமும் பேடுகளை வைத்து அதைப் பிடிக்கிறது. காற்று படுவதால் சீக்கிரம் ஆறுகிறது, தண்ணீர் தானே சிதறிப் போகிறது. சைக்கிள் ரிம்மை இருபுறமும் ரப்பர் கட்டைகள் கவ்வுகின்றன அல்லவா? தத்துவம் அதேதான். அந்தக் கணக்கில் 1949-ல் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கியபோதே அம்பத்தூருக்கு டிஸ்க் பிரேக்கின் அடிப்படை வந்துவிட்டது எனலாம்!

இரண்டுக்கும் ஒரே வயது

டிரம் பழசு, டிஸ்க் புதுசு என்றுதான் நாம் நினைக்கிறோம். உண்மையில் பிரான்சில் லூயி ரெனோ டிரம் பிரேக்கைக் கொண்டுவந்ததும், இங்கிலாந்தில் ஃபிரெடரிக் லான்செஸ்டர் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றதும் ஒரே 1902-ஆம் ஆண்டில்தான். லான்செஸ்டரின் பேடுகள் செம்பு. உலோகத்தோடு உலோகம் உரசி வந்த கிறீச்சொலியும் தேய்மானமும் தாங்க முடியவில்லை. புழுதிச் சாலைகளில் மூடிய டிரம்தான் பிழைத்தது. கல்நார் லைனிங், ஹைட்ராலிக் குழாய் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்து அடுத்த அரை நூற்றாண்டும் டிரம்முக்கே போனது.

திருப்பம் 1953-ல் வந்தது. பிரான்சின் லே மான் 24 மணி நேரப் பந்தயத்தில் டன்லப் நிறுவனத்தின் டிஸ்க் பிரேக் பொருத்திய ஜாகுவார் சி-டைப் கார் வென்றது. சராசரி வேகம் மணிக்கு 100 மைலுக்கு மேல். அந்தப் பந்தயத்தில் அதுவே முதல் முறை. எஞ்சினின் பலத்தைவிட, வளைவுக்கு மிக அருகில் வந்து பிரேக் போட முடிந்ததுதான் பெரிய காரணம். 1955-ல் சிட்ரோயன் டி.எஸ். காரின் முன் சக்கரங்களுக்கு டிஸ்க் வந்தது. 1956-ல் டிரையம்ஃப் டி.ஆர். 3 காருக்குக் கர்லிங் நிறுவனம் டிஸ்க் செய்து கொடுத்தது.

இந்தக் கர்லிங் என்ற பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பாடிக்கு வந்த கர்லிங்

சுதந்திரத்துக்கு முன் ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் இந்தியாவில் வண்டிகளைப் பாகங்களாக இறக்கி, பூட்டி விற்றன. 1953-ல் சுங்கவரிக் குழுவின் பரிந்துரையை அரசு ஏற்றது: உள்நாட்டிலேயே படிப்படியாகத் தயாரிக்கும் திட்டம் உள்ளவர்களுக்கு மட்டுமே இனி இடம். இரண்டு அமெரிக்க நிறுவனங்களும் கிளம்பிவிட்டன. 1955 ஜனவரியில், நம் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு சோஷலிச பாணிச் சமுதாயமே இலக்கு என்று தீர்மானம் போட்டது. காமராஜர் முதலமைச்சராகவும் ஆர். வெங்கட்ராமன் தொழில் அமைச்சராகவும் இருந்த காலம். சென்னையைச் சுற்றித் தொழிற்பேட்டைகள் எழுந்தன; 1960களின் நடுவில் அம்பத்தூர் தொழிற்பேட்டை உருவானது.

வண்டியை உள்நாட்டில் செய்யச் சொன்னால் போதுமா? அதன் ஆயிரக்கணக்கான பாகங்களை யார் செய்வது? மதுரையில் பஸ் தொழிலில் தொடங்கிய டி.வி.எஸ். குடும்பம் அந்த இடத்தைப் பிடித்தது. வீல்ஸ் இந்தியா, லூகாஸ்-டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம்-கிளேட்டன் என்று 1960 முதல் 1962 வரை வரிசையாக நிறுவனங்கள் பிறந்தன. பாடியில் ஆலைகள் எழுந்தன. 1962-ல் பிறந்த பிரேக்ஸ் இந்தியாவின் பிரிட்டிஷ் கூட்டாளி லூகாஸ் குழுமம். கர்லிங் அந்தக் குழுமத்தின் பிரேக் பிரிவு! அதே 1962-ல் பிறந்த சுந்தரம்-கிளேட்டன், கிளேட்டன் டிவாண்டர் கூட்டோடு லாரி, பஸ்களுக்கு ஏர் பிரேக் செய்தது. ரானே குழுமத்தின் லைனிங் நிறுவனம் 1964-ல் தொடங்கி அம்பத்தூரில் ஆலை நடத்தியது. 1974-ல் சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் பாடியில் வந்தது.

ஆக, 1956-லேயே டிஸ்க் பிரேக் செய்த நிறுவனத்தின் தொழில்நுட்பம் 1962-ல் பாடிக்கு வந்துவிட்டது. பிறகு என்ன தடை?

தடை ஆலைக்குள் இல்லை, சாலையிலும் சந்தையிலும் இருந்தது என்பது என் கருத்து. அம்பாசடரும் ஃபியட்டும் பல பத்தாண்டுகள் நான்கு சக்கரத்திலும் டிரம்மோடுதான் ஓடின. லைசென்ஸ் முறையில் கார் வாங்கக் காத்திருப்போர் பட்டியல் வருடக்கணக்கில் நீண்டது. காத்துக்கிடக்கும் வாடிக்கையாளருக்கு நல்ல பிரேக் கொடுத்துக் கவர வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. வேகமும் குறைவு. டிரம்முக்கு இன்னொரு வசதியும் உண்டு. சுழலும் டிரம் முன் ஷூவைத் தன்னோடு இழுத்து இன்னும் அழுத்திக்கொள்ளும். கதவுக்கு அடியில் ஆப்பு தானாகவே இறுகுவது போல. அதனால் பூஸ்டர் இல்லாமல் வெறும் கால் பலமே போதும். டிஸ்கில் இந்த உதவி கிடையாது. கை பிரேக்கும் டிரம்மில் சுலபம், விலையும் மலிவு. 1980களில் மாருதி 800 பரவிய பிறகுதான் முன் சக்கர டிஸ்க் என்பது நடுத்தரக் குடும்பத்தின் வாசலுக்கு வந்தது.

அதற்காகப் பாடி தூங்கிக் கிடந்தது என்று சொல்லிவிட முடியாது. தரத்துக்காக ஜப்பான் வழங்கும் டெமிங் பரிசை 1998-ல் சுந்தரம்-கிளேட்டனின் பிரேக் பிரிவும், 2001-ல் சுந்தரம் பிரேக் லைனிங்ஸும், 2003-ல் ரானே பிரேக் லைனிங்ஸும் பெற்றன. ஐந்து வருடங்களில் மூன்று பரிசு, எல்லாம் பிரேக் சார்ந்த தொழில், எல்லாம் இந்த வட்டாரத்தில் வேர் உள்ளவை!

பழைய பிக்கப்பில் எதையெல்லாம் மாற்ற வேண்டும்?

இனி நம் பிக்கப்புக்கு வருவோம். 1960களில் இங்கே ஓடிய சிறு சரக்கு வண்டிகளில் மஹிந்திராவின் எஃப்.சி. வகையும், சென்னையின் ஸ்டாண்டர்ட் மோட்டார் செய்த ஸ்டாண்டர்ட் 20-ம் முக்கியமானவை. அமெரிக்காவிலும் பிக்கப்புகளுக்கு டிஸ்க் தாமதம்தான். செவர்லே சி-10 வண்டிக்கு முன் டிஸ்க் நிரந்தரமானது 1971 மாடலில்.

டிரம்மைக் கழற்றி டிஸ்க்கை மாட்டினால் வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் ஆபத்து. ஒன்றை மாற்றினால் வரிசையாகப் பலவற்றை மாற்ற வேண்டும்.

1) ஹப், காலிப்பர் பிடிப்பு: காலிப்பரைத் தாங்கும் இரும்புப் பிடிப்பு சரியான அச்சில் உட்கார வேண்டும். பிரேக் போடும்போது மொத்த விசையும் அதில்தான் இறங்கும். கையில் கிடைத்த தகட்டை வெல்டிங் வைத்து ஒப்பேற்றுகிற இடம் இதுவல்ல. சக்கரத்தின் உள்விட்டத்தில் காலிப்பர் இடிக்காமலும் இருக்க வேண்டும்.

2) மாஸ்டர் சிலிண்டர்: பழைய வண்டிகளில் பெரும்பாலும் ஒற்றைச் சுற்று. ஒரு ஹோஸ் வெடித்தால் நான்கு சக்கரமும் போச்சு. முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனிச் சுற்று உள்ள இரட்டை சிலிண்டர் போட்டால், ஒன்று போனாலும் மற்றது காப்பாற்றும்.

3) உள் வால்வு: டிரம் அமைப்பில் குழாயில் எப்போதும் சிறிது அழுத்தம் நிற்கும்படி ஒரு வால்வு இருக்கும். அதே வால்வு டிஸ்க் பக்கம் இருந்தால் பேடு தகட்டை உரசிக்கொண்டே இருந்து சூடேற்றிவிடும்.

4) பூஸ்டர்: டிஸ்க்குக்கு அதிக அழுத்தம் வேண்டும். பெட்ரோல் எஞ்சினில் பூஸ்டருக்கான வெற்றிடம் இன்டேக் மேனிஃபோல்டில் கிடைக்கும். டீசல் எஞ்சின் மாற்றியிருந்தால் தனி வேக்குவம் பம்ப் தேவை.

5) முன் பின் சமநிலை: காலி பிக்கப்பின் பின்பக்கம் எடையே இருக்காது. பின் சக்கரம் முதலில் லாக் ஆனால் வண்டி பம்பரமாகச் சுற்றும். அதனால் பின்பக்க அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு அவசியம்.

6) பிரேக் ஆயில்: இது காற்றிலிருந்து ஈரம் உறிஞ்சும். டாட் 3 வகை புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 205 டிகிரி. ஈரம் ஏறிய பின் 140 வரை இறங்கலாம். கொதித்தால் குழாயில் ஆவி, பெடலில் வெறுமை.

இத்தனையும் செய்தால் எவ்வளவு பலன்? இங்கே நேர்மையாக ஒன்று சொல்ல வேண்டும். நல்ல நிலையில் உள்ள டிரம், ஆறியிருக்கும்போது சக்கரத்தை லாக் செய்யும் அளவுக்குப் பிடிக்கும். அதற்கு மேல் வண்டியை நிறுத்துவது டயர்தான். எனவே ஒரே ஒரு அவசர பிரேக்கில் டிஸ்க் பெரிய அதிசயம் எதையும் செய்யாது. திரும்பத் திரும்பப் பிரேக் போடும்போதும், மலை இறக்கத்திலும், மழையிலும்தான் அதன் அருமை தெரியும்.

மெக்கானிக்கின் நுரையீரல்

வண்டிக்காரரின் உயிரைப் பற்றியே பேசுகிறோம். டிரம்மைக் கழற்றுகிற மெக்கானிக்கையும் நினைக்க வேண்டும். பழைய லைனிங்குகளில் கல்நார் இருக்க வாய்ப்பு அதிகம். டிரம்மைத் திறந்ததும் ஏர் பைப் வைத்து உள்ளே ஊதுவது ஒர்க்ஷாப்களில் பழக்கம். பறக்கிற அந்தத் தூசியில் உள்ள நார்கள் நுரையீரலில் தங்கி, பத்து இருபது வருடங்கள் கழித்துப் புற்றுநோயாகக் கூட வெளிப்படலாம். ஐரோப்பிய ஒன்றியம் கல்நாரை 2005-க்குள் தடை செய்துவிட்டது. இங்கே முழுத் தடை வரவில்லை. அதனால் ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். செலவே இல்லாத பாதுகாப்பு இது.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள தயாரிப்பாளரின் விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. 2021-ல் வந்த விதிகளின்படி 50 வருடங்களுக்கு மேற்பட்ட இரு சக்கர, நான்கு சக்கர வண்டிகளை விண்டேஜ் என்று பதிவு செய்யலாம். ஆனால் அவை அசல் வடிவில் இருக்க வேண்டும். சேஸிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் கூடாது. கண்காட்சி, பேரணி போன்றவற்றுக்குத் தவிர அன்றாடம் ஓட்டவும் கூடாது.

சட்டம் அசலைக் கேட்கிறது. சாலையோ 1965-ன் சாலை அல்ல; முன்னால் போகிற புது வண்டி ஏ.பி.எஸ். உதவியோடு சட்டென்று நின்றுவிடும், பின்னால் வருவது நம் பழைய பிக்கப். இரண்டுக்கும் நடுவில் என் யோசனை இதுதான். கண்காட்சிக்கு மட்டும் போகிற வண்டியா? டிரம்மையே வைத்துக்கொள்ளுங்கள்: டிரம்மை லேத்தில் சீராக்கி, கல்நார் இல்லாத புது லைனிங், புது ஹோஸ், புது ஆயில் போட்டு, மெதுவாக ஓட்டுங்கள். அடிக்கடி ஓடப் போகிற வண்டியா? முதலில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேளுங்கள். அனுமதி கிடைத்தால் இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டர் முதல் செலவாகட்டும், டிஸ்க் இரண்டாவது. கழற்றிய பாகங்களைப் புதுப்பேட்டைக்கு அனுப்பாமல் எண்ணெய் தடவிக் கட்டி வையுங்கள். நாளை ஒருவர் அந்த வண்டியைப் பழையபடி ஆக்க விரும்பலாம்.

கடைசியாக ஒரு செய்தி. டிரம்மின் காலம் முடிந்தது என்று எழுதி முடிக்கலாம் என்றால், 2020-ல் வந்த ஃபோக்ஸ்வேகன் ஐ.டி. 3 என்ற மின்சாரக் காரின் பின் சக்கரங்களில் இருப்பது டிரம் பிரேக்! மின்சாரக் காரில் மோட்டாரே பெரும்பாலும் வேகத்தைக் குறைத்துவிடுவதால் பின் பிரேக்குக்கு வேலை குறைவு. சும்மா இருக்கும் பிரேக் துருப்பிடிக்காமல் இருக்க மூடிய டிரம்தான் நல்லது என்று முடிவு செய்திருக்கிறார்கள். 1902-ல் தொடங்கிய போட்டி இன்னும் முடிந்தபாடில்லை.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ பழைய டிரம் பிரேக் வண்டி இருந்தால், அதை ஓட்டியவர்களின் அனுபவத்தைக் கேட்டுச் சொல்லுங்கள்.