தைலப்புட்டிக்குள் ஒரு மலைச்செடி

மார்சிலிங் இன்று அடுக்குமாடி வீடுகள் நிறைந்த பேட்டை. ஒரு காலத்தில் அங்கே லிம் நீ சூன் என்பவரின் ரப்பர்த் தோட்டம் இருந்தது. சீனத்திலுள்ள தம் மூதாதையர் ஊரின் பெயரையே அவர் அதற்கு இட்டார். பால்மரம் சீவிக் காண்டாவாளி சுமந்த தோள்களின் வலியை, தோட்டத்துக் குடும்பத்தார் நாம் நன்கு அறிவோம். வலி வந்தால் நம் கை தேடுவது தைலப்புட்டியைத்தான். 1928இல் சிங்கப்பூரில் பிறந்த கோடாலித் தைலத்தில் சேரும் பொருள்களில் ஒன்று மெத்தில் சாலிசிலேட். அதன் கதை ஒரு மலைச்செடியில் தொடங்குகிறது.

அந்தச் செடி விண்டர்கிரீன். காட்டுப்பூவரசின் குடும்பமாகிய எரிகேசியேயைச் சேர்ந்தது. என்றும் பசுமை மாறாதது. வட அமெரிக்க இனம் ஒரு சாண் உயரங்கூட வளராது. அதன் உறவான பெரிய புதர் நம் நீலகிரியிலும் வளர்கிறது. கியூபெக் நகர மருத்துவர் கோத்தியேயின் நினைவாகவே இவற்றுக்குக் 'கால்தேரியா' என்ற அறிவியல் பெயர் வந்தது.

1843இல் பிரெஞ்சு வேதியியலாளர் கஹூர், இத்தைலத்தின் பெரும்பகுதி மெத்தில் சாலிசிலேட்டே என்று கண்டறிந்தார். பின்னர் உதகையில் சின்கோனா ஆய்வுக்கென அரசு அமர்த்திய பிராட்டன், நீலகிரிச் செடியின் தைலத்தையும் ஆராய்ந்தார். 1874இல் ஜெர்மனியில் சாலிசிலிக் அமிலம் ஆலையிலேயே உற்பத்தியாகத் தொடங்கியது. இன்று தைலங்களில் சேரும் மெத்தில் சாலிசிலேட்டில் பெரும்பகுதி ஆலைச் சரக்கே.

நீலகிரிச் செடியை இனங்காண்பது எப்படி? இலை தடித்திருக்கும், ஓரத்தில் சிறு பற்கள் இருக்கும். இலைக்கக்கத்தில் சிறு மணிகளைப்போல் வெண்பூக்கள் கொத்தாகத் தொங்கும். கனி கருநீலமாகப் பழுக்கும். அமெரிக்கச் செடியின் கனியோ சிவப்பு. இலையைக் கசக்கினால் தைல மணம் வீசும். ஆனால் மணத்தை மட்டும் நம்பிவிடலாகாது. வேறு சில மரஞ்செடிகளிலும் அதே மணம் உண்டு. இலை, பூ, கனி மூன்றும் ஒத்துவந்தால்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஒன்றை மறவாதிருப்போம். மேலே தேய்க்கும் மருந்து உள்ளே போனால் நஞ்சாகும். கலப்பில்லாத விண்டர்கிரீன் தைலம் ஒரு தேக்கரண்டி, இருபது ஆஸ்பிரின் மாத்திரைகளுக்கும் மேல். குழந்தையின் உயிரையே வாங்கிவிடும். தவறிக் குடித்துவிட்டால் கைவைத்தியம் பார்த்துக்கொண்டிராமல் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். வலி தீர்க்கும் புட்டியை, பிள்ளைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் வைப்போம்.